இருபத்திரண்டு மஞ்சள் தொப்பிகள்

"ஹலோ... ஹலோ, என்னங்க, நான்தான்... தூங்கிட்டிருந்தீங்களா? எந்திரிங்க. மதில் சாவி எங்க?... உங்க இடுப்புலயா? சரி, செருப்பப் போடுங்க... சொல்றேன், மொதல்ல எந்திரிங்க!"

சுற்றுலாப் பேருந்தின் படியில் நின்று வழிகாட்டியம்மாள் கத்தினாள். மறுமுனையில் அவளுடைய வீட்டுக்காரர். பழைய துறைமுக நகரத்தைச் சுற்றியிருக்கும் கோட்டை மதிலின் இரண்டு கதவுகளுக்கும் அவர்தான் காவலர். கோடையில் வெயில் கருதிப் பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் மதிலைப் பூட்டிவிடுவார்கள். இப்போது மணி இரண்டேகால்.

"ஒருத்தர விட்டுட்டு வந்துட்டேங்க... ஆமா, மதில் மேலதான்... ஆமா, ஆமா, எல்லாரும் ஏறியாச்சு, பூட்டிக்கங்கன்னு நான்தான் போன் பண்ணேன். யாரு இல்லன்னா?... எண்ணினேங்க! பஸ்ஸுல பின்னால நின்னு எப்பவும்போல தொப்பியத்தான் எண்ணினேன். இருபத்திரண்டு மஞ்சத் தொப்பி, சரியா இருந்துச்சு... அவரோடது சீட்டு மேல மாட்டியிருந்திருக்கு. கப்பல ஒரு போட்டோ எடுத்துட்டு வரேன், எடம் போட்டு வையின்னு சம்சாரத்துகிட்ட கழட்டிக் குடுத்துட்டுப் போயிருக்காரு... அந்தம்மா தலைவலி மாத்திரையப் போட்டுட்டுத் தூங்கிட்டாங்க. ஓட்டல் வாசல்ல முழிச்சுப் பாத்தா, பக்கத்துல ஆளக் காணோம்."

அந்தம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வழிகாட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுபத்தொண்ணு வயசு... போனும் இவங்க பையிலதான் கெடக்கு... ஆம்புலன்ஸுக்கு டிரைவர் சொல்லிட்டாரு. ஆமா, நீங்க ஒரு நடை நடந்து பாத்துட்டுத்தானே பூட்டுவீங்க?... இன்னிக்கு நடக்கலியா?... நான் சொன்னேன்னா? ஏங்க, நான் சொன்னா... சரி, சரி, சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். ஓடுங்க. கட் பண்ணாதீங்க."

வீடு மதிலின் அடியிலேதான். ஆனாலும் ஒரு பூட்டைத் திறக்க இந்த மனுஷனுக்கு இவ்வளவு நேரமா என்று பல்லைக் கடித்தாள். அந்தக் கல்தளத்தில் நிழல் என்று சொல்ல ஒரு கையகலம்கூடக் கிடையாது. தினமும் நடக்கிறவளுக்குத் தெரியாதா?

"தொறந்தாச்சா?... சத்தமாக் கூப்பிடுங்க... பீரங்கி மேடைகிட்ட?... கேமரா மட்டுமா?... கடல் பக்கக் கதவுக்குப் போங்க! எறங்கற வழின்னு அங்கதான் போயிருப்பாரு...

இருக்காரா! அம்மா, இருக்காரும்மா, இருக்காரு!... கதவுல சாஞ்சு உக்காந்திருக்காரா? தண்ணி குடுங்க... ஏன், என்ன?... கையில ஏன் ரத்தம்?... கதவத் தட்டித் தட்டியா?... ஐயோ... மூக்குகிட்ட வெரல வச்சுப் பாருங்க... இன்னொரு தடவ... கழுத்துல வைங்க..."

'இருக்காரு' என்று சொன்னதுமே அவள் படியிலிருந்து இறங்கி, பேருந்துக்கு முதுகைக் காட்டித் தாழ்ந்த குரலில் பேசினாள்; மற்றது உள்ளே கேட்கவில்லை. முன்சீட்டில் அந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்திலிருந்தவர்கள் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

"ஆமா... ஆமா... கேக்குது. நீங்க அழாதீங்க... உங்க தப்பு இல்லீங்க, எண்ணினது நான்தானே... மேல வெயில் படாமப் பாத்துக்கங்க, மொகத்த மூடித் துண்டப் போடுங்க... என்னங்க, அந்தம்மா எந்திரிச்சு வராங்க... போனக் கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?... ஏதாவது சொல்லுங்களேன்... ஹலோ?"

மறுமுனையில் போனை வைத்துவிட்டார். அந்தம்மாள் எதிரே நின்று, தொப்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். வழிகாட்டியம்மாள் அந்த வெறும் போனைக் காதிலிருந்து எடுக்காமல், "ஆமா... ஆமா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.