சத்தம் உள்ள போகாத ஒண்ணு

புதுசு காட்டுறது அப்புறம் தம்பி, மொதல்ல இந்தப் பழைய ஹெட்போனப் பிரிச்சுப் பாரு. பாக்காமலே தேறாதுன்னு சொல்ற வேலையெல்லாம் வேற ஆள்கிட்ட வெச்சுக்க. நான் பழைய பிரிட்ஜு, வாஷிங் மிஷின் எடுத்து விக்கிறவன். கதவ ஒரு தட்டு தட்டினா உள்ள என்ன போயிருக்குன்னு சொல்லிடுவேன்.

என் சம்சாரத்தோடது. மூணு வருஷமா இதக் காதுல மாட்டிக்கிட்டுத்தான் தையல் மிஷின்ல உக்காருவா. இப்ப சுத்தமா செத்துப்போச்சு. என் போன்ல சொருகிப் பாத்தேன், பின்னு உள்ளயே போகல. பின்னு வீங்கியிருக்கு, ஒயரு உள்ளுக்குள்ள அத்துப்போயிருக்கு, அதான் என் கணக்கு. மேல இந்த வளைவு வேற ஒடஞ்சிருக்கு.

கீழ விழுந்துச்சு.

மேசையில இருந்துதான். கை பட்டு.

கை பட்டு விழுந்தா இப்படி ஒடையாதா? நீ என்ன போலீஸா? சரி, விழல. வீசினேன். செவுத்துல. வாசல்ல ஆளு பிரிட்ஜ ஏத்திக்கிட்டு நிக்கிறான், வண்டிச் சாவி எங்கடின்னு நாலு தடவ கத்துறேன், மிஷினு அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு. அஞ்சாவது தடவ எந்திரிச்சுப் போயி அவ காதுல இருந்து இதப் பிடுங்கி வீசினேன். கோவம் வராதா ஒரு மனுஷனுக்கு? அன்னிக்குச் சாயங்காலமே பையத் தூக்கிக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. நாலு நாளாச்சு. போன் போட்டா மச்சான்தான் எடுக்குறாரு. இன்னிக்கு இதக் கையில கொண்டுபோனாத்தான் நான் அந்த வீட்டுப் படி ஏற முடியும். வருவாளோ மாட்டாளோ, அது அப்புறம். நீ வேலையப் பாரு.

என்னது, பின்ன நகத்தால சுரண்டுற?

பின்னு மேல மூடியா? புதுசுலயே போட்டு வர்றதா? கண்ணாடி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கவும் அதுவும் பின்னுதான்னு நெனச்சேன். எங்க, இப்பச் சொருகு. குடு இப்படி, நான் கேக்குறேன்.

பாடுது. ரெண்டு பக்கமும் பாடுது.

அப்புறம் எப்படி இத்தன நாளா... மூடியக் கழட்டிப் பாட்டு கேட்டுட்டுத் திரும்ப மாட்டி வெச்சிருப்பா. என்ன தலைய ஆட்டுற? போன்ல சொருகி எடுத்தா பின்னுல கீறல் விழுந்திருக்குமா? ஒண்ணுகூட இல்லையா? ஒயரு நுனிய இடுப்புல செருகியிருப்பா, போனும் அங்கதான் இருக்குன்னு நான்...

சரி விடு. ஒன்கிட்ட அபிப்பிராயமா கேட்டேன்?

வளைவு மாத்த முடியாதுன்னா வேற காட்டு. என் சக்திக்குத் தகுந்த மாதிரி காட்டு, கடையில இருக்கறதுலயே ஒசந்தத எடுத்து வந்து நீட்டாத. இதுவா? பாட்டு தெளிவா இருக்கும், அதிரும்னு எதுக்கு அளந்துக்கிட்டே போற? பாட்ட யாரு கேட்டா? மாட்டு. எனக்கில்ல, நீ மாட்டு. பாட்டுப் போடாத. அப்படியே நில்லு. ஏய், சாவி எங்கடி, காது என்ன அடைச்சுப்போச்சா?

கேட்டுச்சா? முழுசாவா? அப்ப இது வேணாம், தூக்கி உள்ள வை. எதிர்க்கடைக்காரன் பாக்குறான்னா பாத்துட்டுப் போறான். அவனுக்கென்ன, அவன் பொண்டாட்டி வீட்ல இருக்கா.

அந்தா, தடிமனா மெத்து வெச்சது. அதோட பக்கத்துல ஒரு சுவிட்ச்சு இருக்கே, வெளிச் சத்தத்த அமுக்கும்னு சொன்னியே, அதப் போடு. காது வெளிய தெரியக் கூடாது. ஆங். ஏய், எத்தன தடவடி கூப்பிடுறது, செவிடா நீ?

கேக்கல?

வாய் அசையறது மட்டும்தான் தெரியுதா? இரு, கழட்டாத. செத்த நேரம் அப்படியே இரு. அவ பாட்டே கேட்டதில்ல தம்பி. ஒரு நாள்கூட. என் வாய்க்குத்தான் இத மாட்டியிருக்கா.

இல்ல, ஒண்ணும் சொல்லல. எவ்வளவுன்னு கேட்டேன்.