ஐந்தில் ஒரு நொடி

கணினியில் ஒலி கலப்பது தவறு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, ஐயா. எங்கள் ஒலிப்பதிவுக்கூட முதலாளியம்மா பு முர்சித்தி அப்படிச் சொல்லியிருந்தால், அவர் என்னைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பதிவான பாட்டை உட்கார்ந்து சீர்செய்வதற்கு மென்பொருளைப் போல வசதி வேறெதிலும் இல்லை. செய்தது பிடிக்கவில்லையென்றால் பத்துப் படி பின்னால் போகலாம். போன வருடம் எந்தப் பாட்டுக்கு எந்த அளவு வைத்தோம் என்பதெல்லாம் தேதியோடு கோப்பில் இருக்கும். அதனால்தான் அந்தக் கோப்புகள் இன்று உங்கள் விசாரணை மேசையில் இருக்கின்றன.

எங்களிடம் முன்பு இருந்தது டிஎஸ்பி மிக்சர். பதினோரு வருடம் அதில் வேலை செய்தேன். வித்தியாசம் என்னவென்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார்; அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை. கணினியின் மூளைக்கு நூறு வேலை. திரையைப் பார்க்க வேண்டும், வட்டில் எழுத வேண்டும், நடுவில் ஒலியையும் கவனிக்க வேண்டும். அதனால் ஒலியை வாளியில் பிடித்து, வாளி நிறைந்த பிறகு தூக்கிக்கொண்டு போய் ஊற்றுகிறது. சின்ன வாளி கொடுத்தால் ஓடி ஓடிக் களைத்துச் சிந்திவிடும். பொரிவது போலச் சத்தம் கேட்பது அதனால்தான். பெரிய வாளி கொடுத்தால் சிந்தாது, ஆனால் தாமதமாகும். மிக்சருக்குள் இருப்பது ஒலிக்கென்றே செய்த சில்லு. அதற்கு வேறு வேலை கிடையாது. குழாயைப் போல, வந்ததை வந்தபடி விட்டுவிடும்.

உட்கார்ந்து கலக்கிறவனுக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடுகிறவருக்குத்தான் அது தெரியும். அவர் குரல் ஒலிவாங்கியில் புகுந்து, கணினியைச் சுற்றி, திரும்ப அவர் காதுக்கே வர வேண்டும்.

போன அக்டோபரில் பு முர்சித்தி புதுக் கணினி வாங்கினார். மிக்சரைப் பாத்திக் துணியால் மூடிச் சாமான் அறையில் வைக்கச் சொன்னார். நான் வாதாடவில்லை. எங்கள் சோலோ நகரத்தில் சம்பளம் கொடுப்பவரிடம் யார் வாதாடுவார்கள்? நாலு பாட்டு பதிவானால் அவருக்கே புரியும் என்று நினைத்தேன். புரிவதற்கு வசதியாக வாளியைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். அவ்வளவுதான். சுற்றி வரும் தாமதம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு.

வினார்சியைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியாது. எங்கள் காம்புர்சாரிக் குழுவில் பாடுகிறவள் அவள் ஒருத்திதான். காமெலான் என்கிற வெண்கல வாத்தியங்களும் கீபோர்டும் சேர்ந்து ஒலிக்க, நடுவில் ஒரே ஒரு பெண்குரல். வயது முப்பத்திரண்டு. கணவன் கலிமந்தானில் சுரங்க வேலையில் இருக்கிறான். நாலு வயதில் ஒரு மகள். பாட்டைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அவள் மூன்றாம் நாளே முறையிடுவாள் என்று எதிர்பார்த்தேன். இங்கே என் கணக்கில் ஒரு பிழை இருந்தது. காமெலானோடு பாடுகிற பெண் தாளத்தின்மேல் வந்து உட்கார மாட்டாள் என்பது உங்களுக்கும் தெரியும். கோங் மணி முழங்கும், அது அடங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் கடைசிச் சுரத்துக்கு மெல்ல வந்து சேர்வாள். அந்தப் பிந்துதல்தான் அழகு. ஹெட்போனில் குரல் பிந்தி வந்தபோது அவளும் இன்னும் கொஞ்சம் பிந்தினாள், அதை எல்லோரும் ரசித்தார்கள். "இப்பத்தான் உன் குரல் பழுத்திருக்கு வினார்சி," என்றார் பு முர்சித்தி. கணினியையும் பாராட்டினார்.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. தாமதத்தைக் கூட்டினேன். டிசம்பரில் பத்தில் ஒரு நொடி. ஜனவரியில் அதற்கும் மேலே. கோப்புகளில் தேதிவாரியாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். என் அறையின் ஒலிபெருக்கியில் எல்லாம் சரியாகவே கேட்கும். தாமதம் அவள் ஹெட்போனுக்கு மட்டும்தான்.

மனிதன் பேசும்போது தன் காதைக் கேட்டுக்கொண்டேதான் பேசுகிறான். சொன்ன எழுத்து காதுக்கு வந்தால்தான் நாக்கு அடுத்த எழுத்துக்கு நகரும். வரவில்லையென்றால் நாக்கு காத்திருக்கும், அல்லது அதே எழுத்தைத் திரும்பச் சொல்லும். ஐந்தில் ஒரு நொடியை நெருங்கும்போது தடுமாற்றம் உச்சத்துக்குப் போகிறது. அதற்கு மேலே போனால் வெறும் எதிரொலி, பழகிவிடலாம். இது நான் முன்பு புத்தகத்தில் படித்த விஷயம்தான். கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

அவள் உயிரெழுத்துகளை இழுத்தாள். பிறகு மெய்யெழுத்துகளில் சிக்கினாள். ஒரு வரிக்கு ஒன்பது முறை பதிவு செய்ய வேண்டியிருந்தது. கெண்டாங் மத்தளம் வாசிக்கும் சுகெங் வாய் சும்மா இருக்காதவன். "அக்கா, கோங் அடிச்சாச்சு, நாங்க டீ குடிச்சாச்சு, கிளாஸும் கழுவி வச்சாச்சு. நீங்க எந்த ஊர்ல வந்துக்கிட்டு இருக்கீங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து என்னைப் பார்த்தாள்.

அதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிவு முடிந்ததும் அவள் என்னைப் பார்ப்பாள். முந்தைய வருடங்களில் அப்படிப் பார்த்ததில்லை. பாடி முடித்தால் பையை எடுத்துக்கொண்டு மகளைக் கூப்பிடப் போய்விடுவாள். இப்போது, "சரியா இருந்துச்சா, பாக் தர்?" என்று கேட்பாள். தர்சோனோ என்ற என் பெயரை எல்லோரும் அப்படித்தான் சுருக்குவார்கள். நான் பொறுமையாகப் பதில் சொல்வேன். இன்னொரு முறை பாடிப் பார்க்கலாம் என்பேன். அவளிடம் நான் ஒரு கடுஞ்சொல் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது.

திங்களும் வியாழனும் நோன்பிருந்தாள். கச்சோலக் கிழங்கை இடித்துச் சாறு குடித்தாள். வொனோகிரியில் ஒரு மந்திரவாதியைப் பார்த்துவிட்டு வந்தாள். யாரோ பொறாமைக்காரி குரலைக் கட்டிவிட்டாள் என்று அவர் சொன்னாராம். ஹெட்போனைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. குழுவில் எல்லோருக்கும் அதே மாதிரி ஹெட்போன், அவர்களுக்கு ஒரு குறையும் இல்லையே. அவர்கள் வாத்தியம் வாசிக்கிறவர்கள், தாமதத்தை அவள் குரல் அவள் ஹெட்போனுக்குப் போகும் பாதையில் மட்டும் வைத்திருந்தேன்.

மார்ச்சில் ஒரு கல்யாண வீட்டாருக்காக நாள் முழுவதும் பதிவு செய்தபோது கணினி தானாகவே நின்றுபோனது. அதில் என் கை இல்லை. பு முர்சித்தி எரிச்சலோடு வந்து, "அந்தப் பழசையே மறுபடி கொண்டாந்து வைங்க பாக் தர், கம்ப்யூட்டரைப் பதிவுக்கு மட்டும் வச்சுக்கலாம்," என்றார். நான் விரும்பியது அதுதான். கிடைத்துவிட்டது.

உங்கள் கோப்புகளில் உள்ள தாமதக் கணக்கு அந்தத் தேதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு அவற்றில் தாமதம் எதுவும் இருக்காது. "மிக்சருக்காகச் செய்தான், மிக்சர் வந்ததும் நிறுத்திவிட்டான், அவளுடைய நோய் தனியாக முற்றியிருக்கிறது," என்று உங்கள் உதவியாளர் எழுதியிருக்கிறார். அப்படியே விட்டிருந்தால் எனக்குத் தண்டனை குறையும் என்று தெரிகிறது. ஆனால் அது சரியான விளக்கம் இல்லை. மிக்சர் பழைய அளவுகளை நினைவில் வைப்பதில்லை. புதிதாக வைத்தால் பழையது அழிந்துவிடும். அதனால் மீதியை நான்தான் சொல்ல வேண்டும்.

மிக்சர் வந்த முதல் நாள் தாமதமே இல்லை. அவள் முதல் வரியைப் பாடினாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு குரலும் காதும் ஒன்றாக வந்தன. அடுத்த வரி, அதற்கடுத்த வரி. ஒரே மூச்சில் பாட்டு முடிந்தது. சுகெங் கெண்டாங்கைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றான். அவள் அழுதாள். நோன்பு பலித்துவிட்டது என்றாள், வொனோகிரிக்காரருக்குக் கோழி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றாள். பு முர்சித்தியின் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு மகளைக் கூப்பிடப் போனாள்.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மந்திரவாதிக்குக் கோழி கிடைப்பது நல்ல விஷயம்தான்.

மிக்சரிலும் தாமதம் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பெரிய மைதானத்தில் பின்வரிசை ஒலிபெருக்கியை முன்வரிசையோடு ஒத்துப்போக வைப்பதற்காகக் கொடுத்திருக்கிற வசதி அது. ஒலி நடந்து வரும் நேரத்தைக் கணக்கிட்டு அந்த அளவு நிறுத்தி வைக்கும். மறுவாரம் அதை அவள் ஹெட்போன் வழியில் போட்டேன். ஐந்தில் ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவாக. ஒரே அளவில் வைத்தால் பழகிவிடுவாள் என்பதால் தினமும் கொஞ்சம் மாற்றினேன். சில நாள் எடுத்தும் விட்டேன். நம்பிக்கை போய்விட்டால் வருவதை நிறுத்திவிடுவாள் அல்லவா. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. வேலை முடிந்ததும் அளவைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

அவள் மறுபடியும் என்னைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஜூலையில் ஹெட்போன் இல்லாமல் பேசும்போதும் திக்கினாள். கடையில் அரிசி கேட்கும்போது திக்குவதாக சுகெங் சொன்னான். அவன் கேலி செய்வதை நிறுத்தி நாளாகியிருந்தது. இப்போது வினார்சி பேசுவதே இல்லை என்கிறார்கள். அவள் அண்ணன் உங்களிடம் கொடுத்த புகாரில் அந்தக் குழந்தையும் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று காத்திருப்பதாக எழுதியிருக்கிறார். நாலு வயதில் அம்மா பேசுவதைப் பார்த்துத்தானே பழகும். மருத்துவர்களிடமும் அவளிடமும் அந்த ஹெட்போனைப் பற்றிச் சொல்லிவிட்டீர்களாம். காரணம் தெரிந்தும் அவள் வாய் திறக்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கணக்கு எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொண்டதாலேயே நாக்கு பழைய இடத்துக்கு வந்துவிடாது.

நான் நிறுத்தத் தயாராகத்தான் இருந்தேன். முதல் நாளிலிருந்தே மனதில் ஒரு விதி வைத்திருந்தேன். குரல் தாமதமாக வருகிறது என்று அவள் ஒருமுறை குறை சொன்னால் போதும், அந்த நிமிடமே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

ஆகஸ்டின் முதல் வாரம், மற்றவர்கள் சோத்தோ சூப் சாப்பிடப் போயிருந்த மதிய நேரத்தில், அவள் என் அறைக் கதவை விரல் நுனியால் தட்டினாள். உள்ளே வந்து நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வார்த்தைகள் வர வெகுநேரம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

"பாக் தர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல குத்தம் சொல்லல. ஹெட்போன்ல... என் குரல் எனக்குப் பின்னாடி வர்ற மாதிரி இருக்கு. என் காதுலதான் ஏதாச்சும் கோளாறா?"

நான் மிக்சரைப் பார்த்தேன். அன்றைய அளவு நூற்றுத் தொண்ணூறு மில்லிநொடி.

"நல்ல காது டாக்டரா பாரும்மா," என்றேன்.

அவள் குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னிடம் பேசியது அதுதான் கடைசி. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: அவள் குறை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். அவள் கேட்டது அவளுடைய காதைப் பற்றி.