கயிறு பிடிக்கிற ஆள்

பன்றிக்கறி எனக்குப் பிடிக்காது, மேடம். சின்ன வயதிலிருந்தே அந்த வாசம் ஒத்துக்கொள்ளாது. தோட்டக் கூலிகளின் லயத்தில் எல்லா வீட்டிலும் மசாலா அரைக்கிற அன்று நான் மட்டும் ரசத்தை ஊற்றித் தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன். அதனால், கறிக்கு ஆசைப்பட்டு ஆளைக் கயிறு பிடிக்க அனுப்பினாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். சாந்தன்பாறைக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குக் கம்பிக் கண்ணி வைப்பார்கள். குற்றம்தான், எல்லோருக்கும் தெரியும். விழுந்த பன்றி பாய்ந்துவிடாமல் இருக்க, அதன் பின்னங்காலில் கயிறு மாட்டி, மேட்டில் நின்று ஒரு ஆள் இழுத்துப் பிடிக்க வேண்டும். பள்ளத்தில் நின்று சின்ன முதலாளி ஜோஜோ அதன் நெற்றியில் சுடுவான். பாயிண்ட் டூ டூ ரைஃபிள். சின்னக் குண்டு, நெற்றியில் பட்டால்தான் வேலை முடியும். சுடுகிறவனுக்கு நேர் எதிரே பன்றி, பன்றிக்குப் பின்னால் மனிதன். கயிறு பிடித்தவனுக்குத் தொடைக்கறி.

என் தம்பி சந்தனம் கயிறு பிடித்த அன்று குண்டு அவன் கழுத்தில் பட்டது. "பழைய தோக்கு சாரே. சைட்டு லூசு. குண்டு மேல போயி" என்று போலீசிடம் சொன்னான் ஜோஜோ. அருகில் நின்ற காளிச்சாமி மாமாவும் அதையே சொன்னார். கைத்தவறு என்று கேஸை மூடினார்கள்.

பிறகு எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னதும் அதே காளிச்சாமி மாமாதான். ஜோஜோ குடித்திருந்தானாம். "டா சந்தனம், உன் தொப்பிய தெறிக்க விடட்டே?" என்று சிரித்துக்கொண்டே குறி பார்த்தானாம். சந்தனமும் சிரித்திருக்கிறான்.

"இத ஸ்டேஷன்ல சொல்லுங்கண்ணே" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லயத்த விட்டு எறக்கிவிட்டா நான் எங்க போவேன் தாயி? தமிழ்நாட்டுல எனக்கு ஒரு முழம் எடம் உண்டுமா?"

நியாயமான கேள்வி. அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். பி.எஸ்ஸி. இயற்பியல். "படிச்சவ நீ, எழுதுளா" என்றார்கள். எழுதினேன். மலையாளத்தில் மனு எழுதினேன், இங்கிலீஷில் எழுதினேன். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: சாட்சி உண்டா? அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. காலியான ஏலக்காய்க் கூடையைப் போல ஒரு மூலையில் கிடந்தாள். இவ்வளவு படித்து என்னத்தைக் கிழித்தேன் என்று அந்த மழைக்காலம் முழுக்க என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

அப்போது ஜோஜோ ரைஃபிளுக்குக் குறி பார்க்கிற புது சைட்டு வரவழைத்தான். பழையது கெட்டுப்போயிருந்தது என்று ஊருக்குக் காட்ட வேண்டுமல்லவா? "மாரீ, நீயில்லே காலேஜ்ல என்.சி.சி. ஷூட்டிங் மெடல் வாங்கினது? இதொண்ணு மாட்டித் தா" என்று என்னிடமே வந்து நீட்டினான். செத்தவனின் அக்காவிடம். எங்களை மனுஷ ஜாதியில் சேர்த்திருந்தால் அவனுக்கு வாய் வந்திருக்காது. சரி என்றேன்.

பழைய சைட்டைக் கழற்றும் முன் அதை வைத்தே ஒரு பெயிண்ட் டப்பா மூடியைச் சுட்டுப் பார்த்தேன். நடுவில் பட்டது. திருகெல்லாம் இறுக்கமாக இருந்தது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

புதியதையும் ஒழுங்காகத்தான் பொருத்தினேன். குண்டு இடப்பக்கம் போனது; பின்சைட்டை வலப்பக்கம் நகர்த்தினேன். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்சைட்டை நகர்த்த வேண்டும். முன்சைட்டு என்றால் எதிர்ப்பக்கம். அவனுக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. சுட்டுப் பார்த்தான், "கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினான். பின்சைட்டுக்கு அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டிய ஒரு சின்னத் தகடு உண்டு. அதைத் தள்ளினால் சைட்டு உயரும், குண்டு மேலே போகும். அதை மட்டும் நான் அவனுக்குச் சொல்லவில்லை. துடைத்து எண்ணெய் போடும் வேலையையும் என்னிடமே விட்டான்.

என் கணக்கு சாதாரணமானது. ஒரு சாவு கைத்தவறு. அதே கை, அதே மேடு, இன்னொரு சாவு, சைட்டும் புதுசு. இரண்டாவது தடவை எந்தக் கோர்ட்டும் நம்பாது. கூச்சல் குழப்பத்தில் தகட்டை நான் பழையபடி இறக்கிவிடுவேன்.

மறுபடி பன்றி விழுந்த காலையில் கயிறு பிடிக்க ஒருவரும் வரவில்லை. ஆளாளுக்கு இடுப்புப் பிடிப்பு. நான்தான் காளிச்சாமி மாமாவிடம் போனேன்.

"புது சைட்டு மாமா. நானே வச்சது. பயப்படாமப் போங்க."

"டிகிரிக்காரி வச்ச சைட்டுல்லா! குண்டு எங்கிட்ட வழி கேட்டுட்டுல்லா போகும்" என்று சிரித்தார். கயிற்றைத் தோளில் போட்டவர் நடக்காமல் நின்றார்.

"ஏளா மாரி, கண்ண மூடுனா ஒந்தம்பி சிரிச்ச மொகந்தான் வருது. லயம் போனாப் போகுது. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாரேன். உள்ளதச் சொல்லிருதேன். நீ கூட வா, என்ன?"

"சரி மாமா" என்றேன்.

அவர் மேட்டில் ஏறினார். நான் தகட்டைத் தள்ளி, ரைஃபிளை ஜோஜோ கையில் கொடுத்தேன்.

ஒரே வெடிதான். பன்றிக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிடித்திருந்த கை விட்டதும் கம்பியைப் பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டது.

ரைஃபிளை நான் தொடுவதற்குள் ஜோஜோ அதை ஜீப்பில் வைத்துப் பூட்டி, நேராக உங்கள் ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். நிபுணர் பார்த்துவிட்டு, சைட்டு உயர்ந்திருக்கிறது என்று எழுதினார். "ஞான் அன்னைக்கே சொல்லியதல்லே?" என்கிறானாம். அவன் சொன்ன பொய்க்கு நான் அத்தாட்சி செய்து கொடுத்துவிட்டேன். அதனால்தான் நானாக வந்தேன். இந்தத் தடவை மாற்றியது நான். முதல் தடவை சைட்டு சரியாக இருந்தது. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். கொலைகாரியின் பேச்சை யார் எடுப்பார்கள் என்கிறீர்கள். கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்கிறீர்கள்.

கேட்டதையே திரும்பக் கேட்கிறீர்கள், மேடம். அவர் சாட்சி சொல்கிறேன் என்ற பிறகும் ஏன் தள்ளினாய் என்று. அவரை நம்பவில்லை என்று முதலில் சொன்னேன். அது பொய். நம்பினேன். அவர் மறுநாள் வந்திருப்பார். ஜோஜோ உள்ளே போயிருப்பான். எங்கள் அம்மா அன்றைக்கு ஒரு வாய் சோறு தின்றிருப்பாள்.

காளிச்சாமி மாமாவும் நிம்மதியாகத் தின்றிருப்பார்.