பன்னிரண்டு மணித்தியாலப் பட்டினி

ரதி: போனைக் கீழ வையுங்கோ, ராகுலன். அண்டைக்கு விடிய ஏதும் சாப்பிட்டனீங்களோ?

ராகுலன்: எண்டைக்கு?

ரதி: என்ர லாப்புக்கு வந்து இரத்தம் குடுத்த அண்டைக்கு.

ராகுலன்: அது நடந்து மூண்டு கிழமை... புருசனை விசாரிக்கிறதும் உம்மட ஆராய்ச்சியோ?

ரதி: பகிடியை விடுங்கோ. பன்னிரண்டு மணித்தியாலம் பட்டினியா வரவேணும் எண்டு சொன்னனான்.

ராகுலன்: சொன்னனீர், சொன்னனீர். இப்ப என்ன பிரச்சினை?

ரதி: இருபத்தோராம் நம்பர். வருத்தம் ஒண்டும் இல்லாத ஆக்கள் எண்டு சேர்த்த முப்பது பேரில அது மட்டும் பிழையா நிக்குது.

ராகுலன்: நம்பர் மட்டும்தானே, ஆரின்ர இரத்தம் எண்டு உமக்குத் தெரியாதெண்டு சொன்னனீர்...

ரதி: லிஸ்டைத் திறந்து பாத்திட்டன். பாக்கக் கூடாது... பாத்திட்டன்.

ராகுலன்: பாத்து?

ரதி: எங்கட கலத்துக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கிறான் எண்டு வையுங்கோவன். சாப்பாடு வந்தா முழிப்பான். பட்டினி எண்டா படுத்திடுவான். உங்கட இரத்தத்தில அவன் கொட்டக் கொட்ட முழிச்சுக்கொண்டிருக்கிறான்.

ராகுலன்: அதுக்கு?

ரதி: ஒண்டில் நீங்கள் சாப்பிட்டிருக்கவேணும். இல்லாட்டி வருத்தம் தொடங்கியிருக்கவேணும்...

ராகுலன்: சாப்பிட்டனான்.

ரதி: என்ன சாப்பிட்டனீங்கள்?

ராகுலன்: ரோல்ஸ். ரெண்டு. கொழும்பு காலி வீதியில, பஸ்ஸுக்கு நிக்கேக்க... பசி தாங்கேல்லை. சொன்னா நீர் ஏசுவீர்.

ரதி: எத்தின மணிக்கு?

ராகுலன்: ஏழு இருக்கும். ஒன்பதுக்குத்தானே ஊசி குத்தினது. என்ர நம்பரை வெட்டிவிடுமன், அவ்வளவுதானே!

ரதி: மட்டன் ரோல்ஸோ?

ராகுலன்: ஓம். பொலிஸ் உம்மட்டைப் பிச்சை வாங்கவேணும்...

ரதி: எண்ணெயில பொரிச்சதைத் திண்டிட்டு வந்தா இரத்தத்தில கொழுப்பு மிதக்கும். பால் விட்ட மாதிரிக் கலங்கியிருக்கும். உங்கடது தெளிஞ்சு கிடந்தது.

ராகுலன்: ரெண்டே ரெண்டுதானே திண்டனான்...

ரதி: பச்சைத் தண்ணியைத் தவிர ஒண்டும் வாயில வைக்கேல்லை நீங்கள்.

ராகுலன்: ம்...

ரதி: ஏன் பொய் சொன்னனீங்கள்?

ராகுலன்: அப்பாவுக்கும் என்ர வயசிலதான் சீனி வருத்தம் தொடங்கினது. அவரின்ர காலை வெட்டி எடுக்கச்சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான். எனக்குப் பயமாக் கிடக்கு, ரதி... உமக்குத்தான் எல்லாம் தெரியுமே. பிறகேன் கேட்டனீர்?

ரதி: சாப்பிட்டனான் எண்டு நீங்கள் சொன்னா, அதை நம்பி நம்பரை வெட்டிப்போட்டு நிம்மதியா இருக்கலாம் எண்டு நாலு நாளா நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான்... நீங்களும் சொன்னீங்கள். என்னாலதான் நம்ப ஏலேல்லை.