பதினேழாம் லேன்

மேஜை சுத்தமாக இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும். நெட்வொர்க்கும் அப்படித்தான். எங்கள் குளிர்பதனக் கிடங்கில் எல்லா ஒயரும் வந்து சேரும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்குள் அலுவலகக் கம்ப்யூட்டர், கேமரா, அரதப் பழசான மிஷின் எல்லாம் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தன. இந்த லட்சணத்தில், ஏன் இவ்வளவு ஸ்லோ என்று என்னிடம் கேட்பார்கள்.

ஒரு மாதம் உட்கார்ந்து பிரித்தேன். கருவிகள் அனுப்பும் செய்தி ஒவ்வொன்றும் ஒரு பாக்கெட். அதன் தலையில் அது எந்தப் புரோட்டோகால், அதாவது எந்த பாஷை, என்று எழுதியிருக்கும். பாஷையைப் பார்த்து ஸ்விட்ச்சே அதைத் தனித்தனி விர்ச்சுவல் லேனுக்குள் தள்ளிவிடும். ஒரு லேனில் பேசுவது அடுத்த லேனுக்குக் கேட்காது. பட்டியலில் இல்லாத பாஷைகளுக்கெல்லாம் பதினேழாம் லேன். அதில் கேட்க யாரும் இல்லை.

எந்தெந்தக் கருவி இருக்கிறது என்று எல்லாப் பிரிவுக்கும் படிவம் அனுப்பினேன். குளிரறைகளுக்குப் பொறுப்பு என் அத்தான், அக்காவைக் கட்டியவர். படிவத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: ‘எல்லாம் ஓடுது, நோண்டாதே.’ போதாக்குறைக்குக் கேன்டீனில் எல்லோர் முன்னாலும், “மாப்ளே, ஒயர் சொருகுற வேலைக்கு எதுக்குய்யா இவ்வளவு பில்டப்பு?” என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். தானே சாத்திக்கொள்ளும் மூன்றாம் குளிரறைக் கதவின் உள்கைப்பிடி கழன்று ஆறு மாதமாகிறது. அதை மாட்டத் துப்பில்லாதவருக்கு நான் கிள்ளுக்கீரை.

அந்த அறைக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்தினால் காவலர் அறையில் மணி அடிக்கும். அது பேசுவது யாரும் பேசாத பழைய பாஷை. எனக்கு அது தெரியும். ஆனால் படிவத்தில் இல்லை. ஆகவே பதினேழு.

சனிக்கிழமை அரை நாள். சுமை ஏற்றுகிறவர்கள் போன பிறகு அத்தான் தன் போனை என் மேஜையில் சார்ஜுக்குப் போட்டார். “ரெண்டே நிமிஷம், மூணாவது ரூமைப் பாத்துட்டு வந்துடறேன்” என்றார். மைனஸ் இருபது டிகிரிக் குளிருக்குக் கோட்டுகூடப் போடவில்லை, அவ்வளவு பெரிய மனுஷன். ஒன்று பத்துக்கு என் திரையில், பதினேழாம் லேனில் முதல் பாக்கெட் வந்தது.

ஸ்விட்ச்சின் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் மணி அடித்திருக்கும். எழுந்துபோய்க் கதவைத் திறக்க அரை நிமிடம்கூட ஆகாது. கொஞ்சம் அழுத்தட்டும், நெட்வொர்க் என்றால் என்னவென்று மண்டையில் ஏறட்டும் என்று இருந்தேன். எண்ணிக்கை இருபதைத் தாண்டியபோது அவர் போன் அடித்தது. அக்கா.

“சாப்பிட வரலையாடா அவரு?”

“வேலையா இருக்காருக்கா. நீ சாப்பிடு.”

அதில் பொய் ஏதும் இல்லை. அவர் அழுத்திக்கொண்டுதான் இருந்தார்.

மூன்றே முக்காலுக்கு அறுபத்து மூன்றாவது வந்தது. அதோடு சரி. இன்னும் அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

கொலை என்று எழுதிக்கொள்கிறீர்கள். தாராளமாக எழுதுங்கள். அறுபத்து மூன்றில் ஒன்றைக்கூட என் ஸ்விட்ச் தவறவிடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டுக்குக் கிளம்புமுன் அந்தப் பொத்தானை நானே பட்டியலில் சேர்த்துவிட்டேன். இப்போது மணி ஒழுங்காக அடிக்கும். சந்தேகமிருந்தால் யாரையாவது உள்ளே விட்டுக் கதவைச் சாத்திப் பாருங்கள்.