பாறை அறுத்த வலை

– ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. புது வலையை என்ன பண்ணினீங்க?

– அதான் வந்ததும் சொன்னேனே... பாறையில மாட்டிக் கிழிஞ்சிடுச்சு.

– ஓ. அந்தப் பாறை இடது கைக்காரப் பாறையா?

– என்னது?

– பதினாறு வருஷமா வலை பின்றேன். பாறை பிச்சா நூல் பஞ்சு பஞ்சாத் தொங்கும். இது பதினோரு கண்ணி, வரிசையா, உங்க இடது கைச் சாய்வுல கத்தி வச்சு அறுத்திருக்கு.

– கூரான பாறை...

– முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க.

– நீ முதல்ல பூனையை வலை மேலேர்ந்து இறக்கு. தண்டச்சோறு! வந்து ஒரு வருஷமாச்சு, ஒரு எலி வாலையாவது கவ்விட்டு வந்திருக்கா?

– பாவம், அதைத் திட்டாதீங்க. பேச்சையும் மாத்தாதீங்க. நாளைக்குக் காலையில எங்கண்ணன் வருவார். அவர் ஆசையா வாங்கிக் கொடுத்த வலை. ‘எங்க மாப்ளே, விரிச்சுக் காட்டுங்க’ன்னா என்ன பண்ணுவீங்க?

– அதுக்குத்தாண்டி பயந்தேன்... சரி, சொல்லிடுறேன். ஆமை.

– ஆமையா!

– பச்சை ஆமை. கழுத்துல வலை சுத்திக்கிச்சு. மூச்சு விட மேல வர முடியாம என்னையே பார்த்துச்சு. உங்கண்ணன் முகம் கண்ணு முன்னாடி வந்துச்சு... வந்தும் அறுத்துட்டேன்.

– பிழைச்சுதா?

– துடுப்பு மாதிரி இருக்குற முன்னங்காலால ரெண்டு அடி அடிச்சுது, அப்புறம் ஆளையே காணோம். அந்தத் துடுப்புல ஒரு தகடு, அதுல நம்பர், போன் நம்பர் எல்லாம். அறுக்குறப்பவே குறிச்சுக்கிட்டேன்.

– இடது துடுப்புதானே?

– ஆமா... உனக்கு எப்படித் தெரியும்?

– சும்மா... குத்துமதிப்பா. போன் பண்ணினீங்களா?

– பண்ணினேன். ஆமையைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க எடுத்தாங்க. அது பொறந்தது இங்கயே இல்லையாம்! எங்கயோ தூரத்துத் தீவாம். அங்க மணல்ல முட்டையிட வந்தப்போ தகடு மாட்டியிருக்காங்க. ஒரு மாசத்துக்கு மேல நீந்தி இங்க வருதாம். எதுக்குங்கிற? நம்ம கரையோரத்துக் கடல்புல்லைத் தின்ன!

– குடித்தனம் இங்க, பிரசவத்துக்கு அம்மா வீடா!

– அதேதான். நாம வலை போடுற இடம்தான் அதுக்குச் சாப்பாட்டுத் தட்டு.

– அப்ப நாளையிலேர்ந்து புல்லுப் பக்கம் போட வேண்டாம்.

– மீன் குறையுமே.

– குறையட்டும். நீங்க அறுக்க அறுக்க நான் பின்னிக்கிட்டே இருக்க என் விரல் என்ன இரும்பா? இதைச் சாயங்காலத்துக்குள்ள பின்னிடுறேன். அண்ணனுக்குத் தெரியாது.

– நீ தங்கம்டி! ஆனா... அவங்க இன்னொண்ணும் சொன்னாங்க.

– என்ன?

– போன வருஷமும் இதே தகட்டு நம்பரை இந்தக் கரையிலேர்ந்து ஒரு அம்மா போன்ல சொன்னாங்களாம். பேர் கேட்டா, ‘வேண்டாங்க, வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வம்பு’ன்னு வச்சுட்டாங்களாம்.

– யாரோ என்னவோ... இந்த நூல் வேற சிக்குது.

– நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்போ எனக்குப் பதிலா நீ வலை எடுக்கப் போனியே, அந்த வாரம்.

– ஊசியை எங்க வச்சேன்...

– கையிலதான் இருக்கு. ஏண்டி, அன்னிக்கு வலையை எலி கடிச்சிடுச்சுன்னுதானே சொன்னே? அதை நம்பித்தானே ஊரெல்லாம் அலைஞ்சு இந்தப் பூனையைக் கொண்டு வந்தேன்?

– அதான் ஒரு வருஷமாச் சொல்றேன், அதைத் திட்டாதீங்கன்னு... எலி இருந்தாத்தானே பிடிக்கும்!