ஜட்ஜு வீட்டுக் கையெழுத்து

...ஒரு சின்ன சங்கதி சொல்றேன், கேட்டுட்டு அப்புறமாக் கை தட்டுங்க. ஏன்னா இதுல முட்டாள் யாருன்னா... நான்தான்.

இந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நான் நிலம் குடுத்ததா இப்போ அறிமுகம் பண்ணினாங்க. இல்லைங்க. அது என் சம்சாரம் அகிலாண்டத்துக்கு அவங்கப்பா சீதனமாக் குடுத்த தோப்பு. நான் குடுத்தது... பேச்சு மட்டும்தான்.

பதினெட்டு வருஷம் ஜில்லா ஜட்ஜா இருந்தேன். அதை விட்டுட்டுக் கட்சிக்கு வந்தேன். எந்த மேடை ஏறினாலும் ஒரே பேச்சு. 'பெண்களைப் படிக்க வையுங்கள்!' தொண்டை கட்டுற வரைக்கும் சொன்னேன்.

போன வருஷம், தானப் பத்திரத்துக்காக ரிஜிஸ்திரார் எங்க வீட்டுக்கே வந்தார். சாட்சிக்குக் கட்சி நண்பர்கள் ரெண்டு பேர். ஜட்ஜு வீட்டம்மா ஆச்சேன்னு ரிஜிஸ்திரார் பேனாவ மையில தோச்சு மரியாதையா நீட்டினார். அவ அதை வாங்கல... இடது கை கட்டைவிரல நீட்டினா.

நண்பர்கள் ரெண்டு பேரும் கூரையப் பாத்தாங்க. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? 'அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது'ன்னு ஒரு பொய் சொன்னேன். பொய்ச் சாட்சி சொன்னவனை எல்லாம் ஜெயிலுக்கு அனுப்பின ஜட்ஜுங்க நான்...

அவ விரல மடக்கிக்கிட்டா. மெதுவாத்தான் சொன்னா.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. எழுதத்தான் தெரியாது. ஊர்ப் பொம்பளைங்களை எல்லாம் படிக்கச் சொன்னீங்க... நீ படிக்கிறியான்னு என்னை ஒரு நாள் கேட்டீங்களா? பொண்ணுங்க பள்ளிக்கூடத்துக்கு நான் கைநாட்டு வெச்சுக் குடுக்க மாட்டேன். கத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

ரிஜிஸ்திரார் பெட்டிய மூடிக்கிட்டுக் கிளம்பிட்டார். அன்னிக்கு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம்.

மறுநாளே சிலேட்டு வாங்கிட்டு வந்தேன். வாத்தியார் நான்தான். படு மோசமான வாத்தியார். மூணாம் நாளே அதட்டினேன். சிலேட்டக் கீழே வெச்சுட்டு, இது உங்க கோர்ட்டு இல்லைன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில மொதல் தடவை...

அஞ்சாம் மாசம் அதே ரிஜிஸ்திரார் வந்தார். ஆறு எழுத்து. கோணலாத்தான் இருந்துச்சு. ஆனா தன் பேரைத் தானே எழுதினா. நான் எழுந்து வாசலுக்குப் போயிட்டேன். அழுற ஜட்ஜை யாரும் பாக்க வேண்டாமேன்னுதான்.

இப்போ என்ன ஆச்சு? இன்னிக்குக் காலையில நான் எழுதின எட்டுப் பக்கப் பேச்சை வாங்கிப் படிச்சா. ஆறு பக்கத்தை அடிச்சுட்டா. கைக்குழந்தையோட வந்தவங்க எவ்வளவு நேரம் உக்காருவாங்கன்னு கேட்டா.

ஐயாமாரே... பொண்ணுங்களைச் சேர்க்கக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. சந்தோஷம். அதுங்களோட அம்மாவை, நீ படிக்கிறியான்னு கேட்டீங்களா? ஊருக்குச் சொல்ற நல்லதை மொதல்ல வீட்டுக்குச் சொல்லணும். நான் சொல்லாம முப்பத்தொரு வருஷத்தைப் பாழாக்கினேன். நீங்க இன்னிக்கே போய்க் கேளுங்க. நாளையில இருந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்கே அம்மாமாருக்கும் வகுப்பு உண்டு. பயப்படாதீங்க, நான் சொல்லித் தரப் போறதில்லை... அகிலாண்டம்தான்.